எமரி லுண்டின் நீல ரிப்பன்கள்

தன்னைப் பற்றிய உண்மையை நாட்டு மக்களுக்குச் சொல்லிவிடுவது என்று எமரி லுண்ட் முடிவு செய்தது ஒரு புதன்கிழமை, இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு, தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால்.

அயோவா மாநிலத்தில் எல்க்வுட் என்கிற சின்ன ஊரில் அவர் மருந்துக்கடை வைத்திருந்தார். புதன்கிழமை வந்தால் அந்த ஊரில் மாடுகளைத் தவிர எல்லாரும் பார்க்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 'காதோடு ஒரு சேதி' என்று பெயர். நியூயார்க்கிலிருந்து நேரடி ஒளிபரப்பு. யாரோ ஒரு சாதாரண மனிதர் வருவார். நிகழ்ச்சியை நடத்தும் பிரெஸ்டன் கேலின் காதில் தன் ரகசியத்தை ஊதுவார். அதே நொடியில் அந்த ரகசியம் வீட்டிலிருப்பவர்களுக்குத் திரையின் அடியில் எழுத்தாக வரும். அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கும் தெரியும். மேசைக்குப் பின்னாலிருக்கும் பிரபலங்களுக்கு மட்டும் தெரியாது. அவர்கள் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். வந்தவர் ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் 'இல்லை'க்கும் ஓர் அட்டை புரளும், கொஞ்சம் பரிசு சேரும். இதற்கிடையில் எல்லாரும் விடாமல் புகை விடுவார்கள், ஏனென்றால் செலவு ஒரு சிகரெட் கம்பெனியுடையது.

அன்று வந்த அம்மாள் சின்ன வயதில் ஒரு பெட்டியின் சாவியை விழுங்கியவர். சாவி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பெட்டியும் இன்னும் திறக்கப்படவில்லை. அரங்கம் கைதட்டித் தீர்த்தது.

"இதெல்லாம் ஒரு ரகசியமா?" என்றார் எமரி.

"சாவியை முழுங்கறது லேசுப்பட்ட காரியமாங்க?" என்றாள் வெர்னா. அவர் மனைவி. அவருடைய காலுறையில் விழுந்த ஓட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அது விபத்து, வெர்னா. சாதனை வேற, விபத்து வேற. நான் போய் உட்கார்ந்தேன்னு வை, அந்த மேசையில இருக்கிறவங்க விடியற வரைக்கும் கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது."

வெர்னாவின் ஊசி நின்றது.

எமரியின் ரகசியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் ஆகஸ்டில் மாவட்டக் கண்காட்சி நடக்கும். அதில் பெண்களுக்கான சமையல் போட்டியில், ஏஞ்சல் கேக் பிரிவில் முதல் பரிசான நீல ரிப்பன் பல வருடங்களாகத் திருமதி வெர்னா லுண்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த ரிப்பன்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் வரிசையாகத் தொங்கின. அந்தக் கேக்கைச் செய்வது வெர்னா அல்ல, எமரி. இதுதான் ரகசியம்.

ஏஞ்சல் கேக் பொல்லாதது. வெண்ணெய் கிடையாது, மஞ்சள்கரு கிடையாது. வெள்ளைக்கருவை அடித்து அடித்து நுரையாக்கி, அந்த நுரையின் பலத்திலேயே கேக்கை எழுப்ப வேண்டும். வெந்ததும் அச்சோடு தலைகீழாகக் கவிழ்த்து, நடுவிலுள்ள குழாயை ஒரு பாட்டிலின் கழுத்தில் மாட்டி, ஆறும்வரை தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் உட்கார்ந்துவிடும். ஒருமுறை தேவாலய விருந்தில் இதைப் பற்றிப் பெண்கள் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தபோது எமரி குறுக்கே புகுந்து, சமையல் என்பது வேதியியலின் எளிய கிளை, மருந்து கலக்கத் தெரிந்தவனுக்குக் கேக் ஒரு பொருட்டல்ல என்று விளக்கினார். லத்தீன் சொற்களும் ஒன்றிரண்டு வந்தன. செய்து காட்டுங்கள் பார்க்கலாம் என்றாள் வெர்னா. போட்டியில் ஆண்களைச் சேர்ப்பதில்லை. அதனால் அவர் செய்வது, அவள் தன் பெயரில் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று.

அன்றிலிருந்து வருடத்தில் ஒரு நாள் சமையலறை அவருடையது. ஜன்னல் திரைகள் மூடப்படும். கடையிலிருந்து பித்தளைத் தராசு வரும். பீங்கான் உரல் வரும். சளிக்கு மார்பில் தடவும் தைலத்துக்குக் கற்பூரம் பொடிக்கிற உரல்தான் அது, ஆனால் நன்றாகக் கழுவியது. சர்க்கரையை அதில் பொடித்தால் மாவுபோல் ஆகும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மாலையில் கேக்கைப் பாட்டிலில் கவிழ்த்துவிட்டு, பாத்திரங்களையெல்லாம் கழுவித் துடைத்து அடுக்கிவிடுவார். ஆய்வகத்தை அழுக்காக விடுவது அறிவியலுக்கு ஆகாது. காலையில் அவர் கடை திறக்கப் போய்விடுவார். வெர்னா கேக்கை அச்சிலிருந்து எடுத்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோவாள். போட்டிக் கேக்கை நடுவர்தான் முதலில் வெட்ட வேண்டும் என்பது விதி. மீதியை அங்கேயே தேவாலய நிதிக்கு ஏலம் விட்டுவிடுவார்கள். ஆக, தன் கேக்கை எமரி ருசி பார்த்ததே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் நீல ரிப்பனோடு அது பஞ்சுப்பொதிபோல நிற்பதைப் பார்த்திருக்கிறார். அதுவே வயிறு நிறையப் போதுமானதாக இருந்தது.

வெளியே யாரிடமும் மூச்சு விட முடியாது. கடையில் வாடிக்கைக்காரர்கள் "உங்க வீட்டம்மா கைப்பக்குவமே தனி" என்று சொல்லும்போதெல்லாம் எமரி பல்லைக் கடித்துக்கொண்டு இருமல் மருந்தை ஊற்றிக் கொடுப்பார். ஒரு மனிதன் எத்தனை காலம்தான் தாங்குவான்?

"சொல்லிடப் போறேன்," என்றார். "தேசமே கேக்கட்டும்."

"ஆம்பளை செஞ்ச கேக்குன்னு தெரிஞ்சா கண்காட்சிக் கமிட்டி சும்மா இருக்குமா? ரிப்பனையெல்லாம் திருப்பிக் கேப்பாங்களே."

"கேட்டா குடுத்துடுவோம். துணிதானே? புகழை யாரும் திருப்பிக் கேக்க முடியாது."

"எம் பேருல இருக்குங்க அது."

"பேரு உன்னுது. கேக்கு என்னுது."

வெர்னா சுவரிலிருந்த ரிப்பன்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சரிங்க," என்றாள்.

கல்யாணமாகி எவ்வளவோ காலமாகியும் எமரி ஒரு விஷயத்தைக் கற்கவில்லை. லத்தீனில் ஒரு சொல்லுக்கு எத்தனை வேற்றுமைகள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். வெர்னாவின் 'சரிங்க'வுக்கு எத்தனை பொருள்கள் என்று அவருக்குத் தெரியாது.

நிகழ்ச்சிக்கு எழுதிப் போட்டார். மனைவியோடு வரச் சொல்லி அழைப்பு வந்தது. ரகசியத்தை முன்கூட்டி யாரிடமும் சொல்லக் கூடாது என்று நிபந்தனை. அதனால் எமரி ஊரில் எதையும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை மட்டும் எல்லாரிடமும் சொன்னார். புதன்கிழமை தவறாமல் பாருங்கள் என்று மருந்துப் பொட்டலத்தோடு சேர்த்துச் சொல்லி அனுப்பினார். பக்கத்து வீட்டு ஓபல், நோஞ்சான் கோழி முதல் கண்காட்சிக்குப் போகும் பன்றிவரை எல்லாம் வளர்க்கும் விதவை, ரயிலேற்றிவிட வந்தாள். வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. தன் புகழ் அவளையும் நெகிழ வைத்துவிட்டதாக எமரி நினைத்தார்.

நியூயார்க்கில், ஒளிபரப்புக்கு முந்தைய பிற்பகலில், மிஸ் பெக் என்கிற சுறுசுறுப்பான பெண் அவர்களைச் சந்தித்தாள். வருகிறவர்கள் கதை விடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எமரி முழு விவரத்தையும் சொன்னார், வெள்ளைக்கருவிலுள்ள புரதங்கள் பற்றிய முன்னுரையோடு. மிஸ் பெக் கொட்டாவியை உதட்டுக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, எந்த ரகசியமானாலும் ஒரு சாட்சியைத் தனியே விசாரிப்பது எங்கள் வழக்கம், திருமதி லுண்ட் என்னோடு இருக்கட்டும், நீங்கள் போய் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

பவுடர் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது மிஸ் பெக் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அறையில் புதிதாக இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வெர்னா மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ்டர் லுண்ட், இந்த வருஷத்துலயே உங்க ரகசியம்தான் டாப்பு," என்றாள் மிஸ் பெக். "நீங்க எங்கிட்ட சொன்னதை அப்படியே கேல் காதுல சொல்லுங்க. ஒரு எழுத்து மாத்த வேண்டாம்."

எமரி அடக்கமாகத் தலையசைத்தார். அந்த அடக்கத்தை ரயிலிலேயே ஒத்திகை பார்த்திருந்தார்.

இரவு திரை விலகியது. விளக்கு வெளிச்சத்தில் எமரி நடந்து வந்து பிரெஸ்டன் கேலுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். குனிந்து காதில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அரங்கம் வெடித்தது. சாவி விழுங்கிய அம்மாளுக்குக் கூட இப்படிச் சிரிப்பு எழுந்ததில்லை. மாடியிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். எமரியின் மார்பு சட்டைப் பொத்தானைச் சோதித்தது. எல்க்வுட்டில் இந்நேரம் ஒவ்வொரு வீட்டிலும் அந்த எழுத்துகளைப் படித்து வாயைப் பிளந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தார். அந்த எண்ணத்தில் தவறில்லை. படித்தார்கள். பிளந்தார்கள்.

முதல் கேள்வி மிஸ் ஆஷ்பி என்கிற பழைய நாடக நடிகையுடையது. இது நீங்கள் செய்த ஏதோ ஒன்றைப் பற்றியதா என்று கேட்டார்.

"ஆமா," என்றார் எமரி.

பிரெஸ்டன் கேல் சிகரெட்டைத் தட்டினார். "இல்லைன்னு வச்சுக்குவோம்," என்று ஓர் அட்டையைப் புரட்டினார்.

எமரி திரும்பிப் பார்த்தார். "ஆமாங்க. நான்தான் செஞ்சேன்."

"ஒரு விதத்துல பாத்தா ஆமா, மிஸ்டர் லுண்ட். மத்த எல்லா விதத்துலயும் பாத்தா இல்ல."

அடுத்தவர் பத்திரிகையில் வேடிக்கையாக எழுதும் ஹார்லன் பிரைஸ். சாப்பிடுகிற பொருளா என்று கேட்டார். எமரி அழுத்தந்திருத்தமாக ஆமாம் என்றார். கேல் யோசித்தார்.

"அதைச் சாப்பிட்டவங்க யாரையும் நான் பாத்ததில்ல," என்று இன்னோர் அட்டையைப் புரட்டினார்.

அரங்கம் பெஞ்சுகளைத் தட்டியது. இந்த மனிதருக்குக் காது மந்தமோ என்று எமரிக்குச் சந்தேகம் வந்தது. பொதுமக்கள் முன்னிலையில் ஒரு பிழை நடக்கும்போது திருத்தாமல் விடுவது அவர் சுபாவம் அல்ல. விளக்கம் சொல்ல வாயெடுத்தார். கேல் பிரியமாக அவர் முழங்கையைத் தொட்டுத் தடுத்தார்.

மிஸ் ஆஷ்பி மறுபடி வந்தார். இந்த மனிதர் ஆமாம் என்கிறார், அந்த மனிதர் இல்லை என்கிறார், இருவரில் ஒருவர் பொய் சொல்கிறாரா என்று கேட்டார். யாரும் பொய் சொல்லவில்லை, அதில்தான் அழகே என்றார் கேல். அப்படியானால் இது பரிசு வாங்கிய பொருளா என்று கேட்டார் பிரைஸ்.

"நீல ரிப்பன். வருஷா வருஷம்."

"இல்ல," என்றார் கேல்.

எமரி எழுந்தே நின்றுவிட்டார். "ஐயா, என் வீட்டுச் சமையல்கட்டுக்கு வந்து பாருங்க. சுவத்துல தொங்குது. எண்ணிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

மணி அடித்தது. பிரபலங்கள் கைவிரித்தார்கள். ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த மேசையை இவ்வளவு முழுமையாகத் தோற்கடித்தவர் எவருமில்லை என்று கேல் அறிவித்தார். எமரிக்குக் கோபம் தணிந்து, தலை கொஞ்சம் நிமிர்ந்தது. இப்போது உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்றார் கேல். எமரி சொன்னார். வெள்ளைக்கரு, தராசு, உரல், ரிப்பன் எல்லாம் வந்தன. குரல் கடைசியில் கொஞ்சம் நடுங்கவும் செய்தது. இத்தனை வருடத்து மௌனம் அல்லவா?

பிரபலங்கள் கைதட்டினார்கள். கேல் தொண்டையைச் செருமினார்.

"மிஸ்டர் லுண்ட், நீங்க சொன்னது உங்க ரகசியம். நேயர்களுக்கு நாங்க எழுதிக் காட்டினது உங்க வீட்டம்மாவோட ரகசியம்."

மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய அட்டையை எடுத்துத் திருப்பினார். அதில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'மனைவி பெயரில் போட்டிக்குப் போவது தன் கேக் என்று இவர் நம்புகிறார். மனைவி வருடாவருடம் அதை மாற்றிவிடுகிறார்.'

எமரி அதை ஒருமுறை படித்தார். பிழை எதுவும் இருக்கிறதா என்று இன்னொரு முறை படித்தார். ஒற்றெழுத்துகூட விட்டுப்போகவில்லை.

பக்கவாட்டிலிருந்து வெர்னா வந்தாள். வெள்ளைக் கையுறை, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவளுக்கு இன்னொரு நாற்காலி போட்டார்கள்.

எப்படி ஆரம்பித்தது இது என்று கேல் கேட்டார். வெர்னா நிதானமாகச் சொன்னாள். முதல் வருடம் எமரியின் கேக்கை அவள் அச்சிலிருந்து எடுத்ததும் குப்பென்று கற்பூர வாசனை அடித்தது. மருந்துக்கடையிலேயே இருந்து இருந்து அவருடைய மூக்கு மரத்துப்போயிருந்தது, அவர்மேல் குற்றமில்லை. தன் அடுப்பு அவர் வசம் இருந்ததால் வெர்னா கண்காட்சியில் தேவாலயம் போடும் கடைக்காக ஓபல் வீட்டு அடுப்பில் ஒரு கேக் செய்து வைத்திருந்தாள். அதைக் கொண்டுபோனாள். ரிப்பன் கிடைத்தது. உண்மையைச் சொல்லத்தான் வீட்டுக்கு வந்தாள்.

"வந்து பாத்தா, கண்ணாடி முன்னால நின்னு மீசையைத் தடவிக்கிட்டிருந்தாரு. மனசு வரல."

"அதுக்கப்புறம் ஏன் சொல்லலீங்க?"

"வருஷம் பூரா நான் கழுவறேன், இவரு பேப்பர் படிக்கிறாரு. அந்த ஒரு நாள் இவரு பாட்டுப் பாடிக்கிட்டே அத்தனை பாத்திரத்தையும் கழுவி வைக்கிறாரு. அதுக்காக நான் கூடுதலா ஒரு கேக்கு செஞ்சா என்ன குறைஞ்சுடப் போகுது?"

அரங்கத்திலிருந்த பெண்கள் மட்டும் தனியாகக் கைதட்டினார்கள். அது அடங்க நேரமாயிற்று. இப்போது மட்டும் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார் கேல்.

"என் ரிப்பனை இவரு திருப்பிக் குடுத்துடறேன்னாரு," என்றாள் வெர்னா. "அத்தனையும் நான் செஞ்சதுங்க."

அவள் குரல் உயரவில்லை. முதுகு மட்டும் நிமிர்ந்தது. அந்த நிமிர்வை எமரி அடையாளம் கண்டுகொண்டார். இத்தனை வருடமாகத் தன்னுடையது என்று அவர் நினைத்திருந்த நிமிர்வு அது.

மாற்றிய கேக்குகளையெல்லாம் என்ன செய்தீர்கள் என்பது கேலின் கடைசிக் கேள்வி. வெர்னா கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பன்றிக்குப் போட்டேன் என்றாள். சிகரெட் விளம்பரம் வந்து எமரியைக் காப்பாற்றியது.

திரும்பும் ரயிலில் பென்சில்வேனியா முழுவதும் எமரி பேசவில்லை. ஒஹாயோவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முதல் வருஷமுமா?"

"முதல் வருஷமும்தாங்க."

இண்டியானா வந்தது, போனது. வெர்னா பையிலிருந்து சாண்ட்விச் எடுத்துக் கொடுத்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே தின்றார். அவருக்கு வலித்தது தோல்வி அல்ல. தவறான தரவுகளின் அடிப்படையில் இவ்வளவு காலம் பெருமைப்பட்டிருக்கிறோமே என்பதுதான். ஆனால் மருந்து கலக்குபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கலவை கெட்டுப்போனாலும் அடியில் உருப்படியாக ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் கொட்டமாட்டார்கள். சிகாகோவில் ரயில் மாறும்போது எமரிக்கு அது கிடைத்தது.

பன்றி.

ஓபல் வளர்க்கும் பெண்பன்றியின் பெயர் பீட்ரிஸ். போன ஆகஸ்டில் அதே கண்காட்சியில், பன்றிகளுக்கான நீல ரிப்பனை வாங்கியது பீட்ரிஸ்தான். பளபளக்கும் தோல், ராணி மாதிரி நடை, இப்படி ஒரு பன்றியைப் பார்த்ததில்லை என்று நடுவரே எழுதியிருந்தார். பீட்ரிஸ் ஆண்டுதோறும் என்ன தின்று வளர்ந்தது? சுத்தமான வெள்ளைக்கரு. துல்லியமாக எடை போட்ட சர்க்கரை. முடிவு தானாகவே வந்து நின்றது. மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது எமரி தொப்பியை நேராக வைத்துக்கொண்டார். ஊரை நெருங்கும்போது மெல்லிய குரலில் பாட ஆரம்பித்திருந்தார், பாத்திரம் கழுவும்போது பாடும் அதே பாட்டை. வெர்னா அவரைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

எல்க்வுட் நிலையத்தில் பாதி ஊர் திரண்டிருந்தது. வெர்னாவுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். கண்காட்சிக் கமிட்டித் தலைவி அவளைக் கட்டிக்கொண்டு, இந்த மாவட்டத்தின் பெயர் நியூயார்க்கில் ஒலித்தது உன்னால்தான் என்றாள். ஸ்டேஷன் மாஸ்டர், தன் மனைவிக்காக ஒரு கையெழுத்து கேட்டார். எமரி ஓரமாக நின்று காத்திருந்தார். உதட்டில் ஒரு புன்னகை. உண்மை அறிந்த மனிதனின் புன்னகை.

கூட்டம் கலைந்தபின் ஓபல் தன் பழைய டிரக்கைக் கொண்டுவந்தாள். மூவரும் முன் இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எமரி ஆரம்பித்தார். அறிவியல் எப்போதும் எதிர்பார்த்த இடத்தில் பலன் தருவதில்லை என்றார். பீட்ரிஸின் ரிப்பனைத் தன் கடை ஜன்னலில், தராசுக்கும் உரலுக்கும் நடுவில் மாட்டி வைக்க ஓபல் இரவல் கொடுத்தால் போதும், சொந்தம் கொண்டாடமாட்டேன் என்றார்.

"ரிப்பன் உன்னுதுதான், ஓபல். நான் மறுக்கல. ஆனா என் கேக்கைத் தின்னுதானே அது அப்படி வளந்துச்சு?"

ஓபல் கியரை மாற்றினாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. அவள் வெர்னாவைப் பார்த்தாள். வெர்னா மடியிலிருந்த பூங்கொத்தைப் பார்த்தாள்.

"சொல்லிடட்டுமா?" என்றாள் ஓபல்.

"நானே சொல்றேன்." வெர்னா கணவரின் கோட்டுக் காலரில் ஒட்டியிருந்த ரயில் புகைக்கரியைத் தட்டிவிட்டாள். "அது தின்னாத்தானேங்க? மோந்து பாத்துட்டு, தலைக்கு வச்சுப் படுத்துக்கும். அந்த வாசனைக்கு ஈ வராதாம்."